குண்டைப் பார்த்தேன், நூலைப் பார்க்கவில்லை

எக்ஸ்ரே திரையில் வந்ததும் அறையில் இருந்த மூன்று பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம். பூனையின் இடது தோள்பட்டைக்குப் பின்னால், தோலுக்கும் விலா எலும்புக்கும் நடுவே, பளீரென்று ஒரு வெள்ளைத் துண்டு. நடுவில் இடுப்பு மாதிரி சிறுத்து, ஒரு முனை விரிந்திருந்தது. ஏர்கன் குண்டு. ஒருமுறை பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் மறக்காது.

சில்லு என்று அந்தப் பூனைக்குப் பெயர். இரண்டு நாளாக வாந்தி, சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது என்று கொண்டுவந்திருந்தார்கள். படத்தைப் பார்த்த பிறகு வாந்தியைப் பற்றிய பேச்சே எழவில்லை. "யார் டாக்டர் சுட்டிருப்பாங்க? எப்போ? எப்படி வலிச்சிருக்கும்!" என்று அந்த அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். நான் அவரைத் தேற்றினேன். மேலே காயம் இல்லை, வீக்கம் இல்லை, தொட்டால் பூனை சிணுங்கவும் இல்லை. பழைய குண்டு, சுற்றிலும் நார்த்திசு வளர்ந்து மூடி, சதைக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டது, எடுக்கப் போனால்தான் தொந்தரவு என்று விளக்கினேன். விளக்கத்தில் தவறில்லை. வாந்திக்கு ஊசி போட்டு, தோலுக்கடியில் திரவம் ஏற்றி, வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

ராத்திரி பதினோரு மணிக்கு, ரிப்போர்ட் எழுதுவதற்காக அதே படத்தை மறுபடி திறந்தேன். குண்டைத்தான் ஏற்கெனவே பார்த்தாயிற்றே, அதனால் கண் கீழே இறங்கியது. குடல் முழுக்க வயிற்றின் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தது, நாடாவை இழுத்தால் பாவாடைத் துணி சுருங்கிக்கொள்ளுமே, அதுபோல. உள்ளே இருந்த காற்றுக் குமிழ்கள் உருண்டையாக இல்லாமல் காற்புள்ளி மாதிரி வளைந்து சிதறியிருந்தன. நூல் விழுங்கிய பூனையின் குடல் அப்படித்தான் தெரியும். நூலின் ஒரு நுனி எங்காவது மாட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் குடல் கீழே தள்ளப் பார்க்கும். தள்ளத் தள்ளக் குடலே நூலின்மேல் ஏறி மடிந்துகொள்ளும். நூல் இறுகினால் குடல் சுவரை அறுத்துவிடும். பூனைகளில் அந்த நுனி மாட்டும் இடம் பல சமயம் நாக்கின் அடி. நான் நாக்கைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

அந்த நேரத்திலேயே போன் செய்து வரச் சொன்னேன். நாக்கடியில் தையல் நூல், பாதி சதைக்குள் புதைந்து இருந்தது. (இப்படி வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் யாருக்கும் முதலில் இழுக்கத்தான் கை போகும். இழுக்கவே கூடாது, உள்ளே குடல் கிழிந்துவிடும்.) நாக்கடியில் நூலை வெட்டிவிட்டு, வயிற்றைத் திறந்து, குடலில் மூன்று இடத்தில் கீறித் துண்டு துண்டாக எடுத்தோம். குடலில் ஓட்டை விழுந்திருக்கவில்லை. சில்லு பிழைத்தது என் திறமையால் அல்ல, அன்று ராத்திரி நான் ரிப்போர்ட்டைத் தள்ளிப்போடாததால்.

ஒன்று கிடைத்துவிட்டால் கண் தேடுவதை நிறுத்திவிடும். படம் வாசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களும் தப்பாத சறுக்கல் இது. அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. கண்ணைப் பறிக்கும் பொருள் ஏதாவது படத்தில் இருந்தால், அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மீதியை முதலில் படிப்பேன். முதலில் ஓரங்கள், பிறகு எலும்புகள், பிறகு உறுப்பு உறுப்பாக, என்றைக்கும் ஒரே வரிசையில். திரையில் விரல் ரேகை பதிகிறது என்று எங்கள் ஊழியர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

நாய், பூனை மருத்துவத்தில் இத்தனை வருடத்தில் இப்படித் தேடாமல் கிடைத்தவற்றில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. ஆனால் ஒன்றுமில்லாததும் ஆளை நன்றாகவே மிரட்டும். பூனையின் மார்புக்கூடு தொடங்கும் இடத்தில் குச்சி போல மெல்லிய இரண்டு எலும்புகள் தெரியும். எந்த எலும்போடும் மூட்டு இல்லாமல் சதைக்குள் மிதக்கும் காறையெலும்பு அது. பக்கவாட்டுப் படத்தில் உணவுக்குழாய்க்குப் பக்கத்திலேயே விழுவதால், "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு, எடுக்கணும்" என்று படத்தோடு ஓடிவந்தவர்கள் உண்டு. நாயின் முழங்காலுக்குப் பின்னால் பட்டாணி போல இரண்டு சிற்றெலும்புகள் பிறவியிலேயே இருக்கும்; உடைந்து தெறித்த துண்டு என்று பயப்படுவார்கள். தோலுக்கடியில் போட்ட மைக்ரோசிப், அரிசி மணி அளவில், சில சமயம் போட்ட இடத்தை விட்டு நகர்ந்து தோளிலோ மார்பிலோ போய் நிற்கும். ஒரு வயதான பூனையின் வயிற்றில் முட்டை ஓடு போல விளிம்பு வெளுத்த உருண்டை ஒன்று தெரிந்தது. மறுநாள் எடுத்த படத்தில் அது வேறு இடத்தில் இருந்தது! கொழுப்புத் துண்டு ஒன்று ரத்த ஓட்டம் இழந்து, சுண்ணாம்பு படிந்து, கழன்று வயிற்றுக்குள் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் பூனைக்கு ஒரு தொல்லையும் இல்லை.

வயிறு உப்பியிருக்கிறது, புழுவுக்கு மருந்து வேண்டும் என்று ஒரு பூனையைக் கொண்டுவந்து, படத்தில் ஐந்து மண்டையோட்டை எண்ணிக்காட்டி அனுப்பியதும் உண்டு. குட்டிகளின் எலும்பு எக்ஸ்ரேயில் தெரிய நாய்க்குச் சினையாகி ஏறக்குறைய 45 நாளாவது ஆக வேண்டும், பூனைக்கு அதைவிடச் சற்று முன்பே தெரிந்துவிடும். மொத்தச் சினைக்காலமே சுமார் 63 நாள்தான். ஆகவே அந்த வீட்டுக்காரர்களுக்குப் படுக்கை தயார் செய்ய மிச்சமிருந்தது சில வாரங்கள்தான்.

வயதான நாய்களின் முதுகெலும்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கணுவுக்குக் கணு கிளி மூக்கு போல எலும்பு வளர்ந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். நிறைய நாய்களுக்கு அதனால் வலியே இல்லை. சிக்கல் என்னவென்றால், பின்காலை நொண்டும் நாய்க்கு இந்தப் படம் கிடைத்தால் "இதோ காரணம்" என்று எல்லோரும் நிம்மதியடைந்துவிடுகிறோம். முழங்காலில் தசைநார் அறுந்திருப்பதைக் கையால் அசைத்துப் பார்க்காமலே வலி மாத்திரையில் மாதங்கள் ஓடிவிடும். குண்டும் நூலும் கதைதான் இதுவும்.

சரி, என் சொந்த நாய்க்கு வருகிறேன். அடுத்தவர் நாய்க்கு இதையெல்லாம் சொல்லும்போது என் குரல் நிதானமாகத்தான் இருக்கும்.

பாரிக்கு அப்போது 11 வயது. பல் சிகிச்சைக்காக மயக்க மருந்து கொடுக்கும் முன் மார்பு எக்ஸ்ரே எடுத்தேன். நுரையீரல் முழுக்க வெள்ளைப் பொடி தூவியது போலப் புள்ளிகள். நாய்க்கு எங்கோ புற்றுநோய், அது நுரையீரலுக்குப் பரவிவிட்டது என்று மனம் முடிவு கட்டி, எத்தனை மாதம் என்று கணக்குப் போடவும் தொடங்கிவிட்டது. இதே படத்தை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் ஒரு நிமிடத்தில் சிரித்திருப்பேன். எனக்கு அன்று பதினைந்து நிமிடம் பிடித்தது.

விஷயம் இதுதான். பரவிய புற்றுமுடிச்சு மென்மையான திசு. எக்ஸ்ரேயில் அது கண்ணுக்குத் தெரிய நாலைந்து மில்லிமீட்டராவது வளர்ந்திருக்க வேண்டும். பாரியின் புள்ளிகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் பக்கத்தில் ஓடிய ரத்தக்குழாயைவிடப் பளிச்சென்று இருந்தன. அவ்வளவு சிறியது அவ்வளவு வெளுப்பாகத் தெரிகிறது என்றால் அது எலும்புச் சத்து படிந்தது. பெரிய ரக நாய்களிலும் கோலி இனத்திலும் வயதான காலத்தில் நுரையீரலுக்குள் இப்படிக் கடுகு கடுகாக எலும்பு உருவாவது சாதாரணம், தீங்கில்லை. மூன்று வருடத்துக்கு முன் எடுத்த பழைய படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே புள்ளிகள் அதே இடத்தில், கொஞ்சம் குறைவாக. அப்போது யாரும் கவனிக்கவில்லை. நான்தான் எடுத்திருந்தேன்.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடலாம். தனியாக ஒரே ஒரு வட்ட முடிச்சு மார்புப் படத்தில் தெரிந்தால், முலைக்காம்பா என்று பார்க்காமல் பயப்படக் கூடாது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் பேரியம் மருந்தைக் காம்பில் துளி தடவி மறுபடி படம் எடுத்தால் தெரிந்துவிடும். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி ஒன்றும் எங்களை ஒருமுறை ஏமாற்றியிருக்கிறது. பக்கவாட்டில் ஒரே படம் போதாது என்பதற்கும் காரணம் உண்டு. நாய் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்க நுரையீரல் காற்றிழந்து அமுங்கும், உள்ளே இருக்கும் முடிச்சு மறைந்துவிடும். இடது, வலது, மல்லாந்து என்று மூன்று படம் கேட்டால் அது பணம் பிடுங்க அல்ல.

பாரி கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். நான்தான் விடவில்லை. "வந்ததுக்கு வயிற்றையும் பார்த்துவிடலாம்" என்று அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்தேன். சிறுநீரகத்தை ஒட்டி இருக்கும் இடது அட்ரினல் சுரப்பியில் 1.3 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டி. அதன் சாதாரணத் தடிமன் ஆறேழு மில்லிமீட்டர்தான்.

இதைச் சிரித்துத் தள்ள முடியாது. இந்தச் சுரப்பியில் தற்செயலாகக் கிடைக்கும் கட்டி எதுவாகவும் இருக்கலாம். ஒரு வேலையும் செய்யாத வெறும் கட்டி, கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அள்ளிக் கொட்டும் கட்டி, அட்ரினலின் சுரந்து திடீர் திடீரென்று ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஃபியோகுரோமோசைட்டோமா, வேறெங்கோ இருந்து வந்த புற்று. இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் கூடும். பக்கத்தில் ஓடும் பெருஞ்சிரைக்குள் நீண்டிருந்தால் இன்னும் கூடும். அறுவை சிகிச்சை உண்டு, ஆனால் அந்த இடத்தில் கத்தி வைப்பது விளையாட்டல்ல, அதிலேயே இறந்துபோகும் நாய்களும் உண்டு. ஊசி குத்தி எடுத்துப் பார்க்கலாமே என்றால், அட்ரினலின் சுரக்கும் கட்டியாக இருந்து குத்தும்போது அழுத்தம் எகிறினால் என்ன செய்வது என்று பலரும் தயங்குவார்கள்.

பாரிக்கு அதிகத் தாகம் இல்லை, வயிறு தொங்கவில்லை, முடி கொட்டவில்லை. எட்டு மணி நேரம் பிடிக்கும் கார்ட்டிசோல் பரிசோதனை சரியாகவே வந்தது. ரத்த அழுத்தத்தை வெவ்வேறு நாளில் வீட்டிலேயே, அவன் தூங்கி எழுந்த நேரத்தில் எடுத்தேன், ஏறவில்லை. பெருஞ்சிரை சுத்தமாக இருந்தது. பல் சிகிச்சையைத் தள்ளிவைத்தேன். ஒரு மாதம் கழித்து அளந்தால் 1.4. மனம் சட்டென்று தொய்ந்துவிட்டது. ஆனால் ஒரே கட்டியை ஒரே ஆள் இரண்டு முறை அளந்தாலே ஒரு மில்லிமீட்டர் மாறும் என்பது எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் 1.3. ஆறு மாதத்தில் 1.3. அப்புறம்தான் பல்லைப் பார்த்தோம், முழுக்க அழுத்தத்தைக் கண்காணித்தபடி.

பல்லுக்கு எடுத்த எக்ஸ்ரேயில் வெளியே தெரியாத இரண்டு சீழ்ப்பட்ட வேர்கள் கிடைத்தன. எதிர்பாராத செய்திகளில் என்றைக்கும் நான் வரவேற்பது இந்த வகையைத்தான். டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து 1998இல் வந்த ஆய்வில், பார்வைக்குக் குறையில்லாத பற்களின் எக்ஸ்ரேயில்கூட நாய்களில் சுமார் 28 சதவீதத்திலும் பூனைகளில் சுமார் 42 சதவீதத்திலும் கவனிக்க வேண்டிய கோளாறு இருந்தது. அங்கே தேடினால் கிடைப்பதற்குச் சிகிச்சை கையிலேயே இருக்கிறது. அட்ரினல் கட்டிக்கு எனக்குக் கிடைத்தது கவலை மட்டும்தான்.

அந்தக் கவலையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பாரிக்கு வெயிலில் மூச்சிரைத்தால் அழுத்தமோ என்று எழுந்து ஓடினேன். இரண்டு வாய் தண்ணீர் கூடக் குடித்தால் கிண்ணத்தை அளந்தேன். மூன்று வருடம் அப்படி. 14 வயதில் சிறுநீரகம் கெட்டு இறந்தான். கட்டி கடைசிவரை 1.5 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. அன்று அல்ட்ராசவுண்ட் கருவியை எடுக்காமல் இருந்திருந்தால் என்று நினைப்பேன். அடுத்த நிமிடமே, தெரியாமல் மயக்க மருந்து கொடுத்து அது அட்ரினலின் கட்டியாக இருந்து தொலைத்திருந்தால் என்றும் நினைப்பேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு இன்னும் தீர்ப்பு கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக் கதை ஒன்றும் என்னிடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ரோமி என்று ஒரு பெண் நாய், 9 வயது. சிறுநீரில் ரத்தம் என்று ஸ்கேன் செய்தோம். சிறுநீர்ப்பையில் கல், அதற்கு வைத்தியம் பார்த்தோம், சரியாகிவிட்டது. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "பித்தப்பையில் கசடு" என்று இருந்தது. "இது நிறைய நாய்களுக்கு இருக்கும், ஒன்றும் இல்லை" என்று சொன்னேன். நிறைய நாய்களுக்கு இருக்கும் என்பது உண்மைதான். நான் செய்யாதது, நாயைப் புரட்டிப் படுக்கவைத்து அந்தக் கசடு நகர்கிறதா என்று பார்ப்பது. வெறும் கசடு என்றால் மணல் போலச் சரிந்து கீழே படியும். நகராமல் சுவரோடு ஒட்டி நின்றால், பித்தம் பசையாகிக் கெட்டிப்படத் தொடங்கிவிட்டது என்று பொருள். தைராய்டு, கார்ட்டிசோல், ரத்தக் கொழுப்பு எதையும் பார்க்கவில்லை. மறுபடி எப்போது ஸ்கேன் என்று தேதியும் எழுதவில்லை.

பத்து மாதம் கழித்து ரோமி மஞ்சள் கண்ணோடும் வாந்தியோடும் வந்தது. பித்தப்பை முழுக்க ஜவ்வு போல நிரம்பி, திரையில் குறுக்கே வெட்டிய கிவிப் பழம் மாதிரி கதிர் கதிராகத் தெரிந்தது. மியூகோசீல் என்பார்கள். பை ஏற்கெனவே கிழிந்து பித்தம் கசிந்திருந்தது. அறுவை சிகிச்சையைத் தாங்கியது, மூன்றாம் நாள் ராத்திரியைத் தாங்கவில்லை. வீட்டுக்காரர் பழைய ரிப்போர்ட்டை மடித்து எடுத்து வந்திருந்தார். "இதுல எழுதியிருக்கே டாக்டர்" என்று மட்டும்தான் கேட்டார், சண்டை போடவில்லை.

அதற்கப்புறம் "ஒன்றும் இல்லை" என்று நான் சொல்வதில்லை. "இன்றைக்கு இதற்குச் சிகிச்சை தேவையில்லை, இந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம்" என்று சொல்லி, அளவையும் தேதியையும் வீட்டுக்காரர் கையிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நாய், பூனை வளர்ப்பவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியதும் உண்டு. ஸ்கேனுக்கு முன்பே, எந்தத் தொல்லைக்காகப் போகிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் நாலு விஷயம் வந்தால், ஒவ்வொன்றையும் காட்டி "அந்தத் தொல்லைக்கு இதுதான் காரணமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், "அடுத்த பரிசோதனையில் என்ன வந்தால் என்ன செய்வோம்?" என்று கேளுங்கள். எது வந்தாலும் செய்யப் போவது ஒன்றுதான் என்று பதில் வந்தால், அந்தப் பரிசோதனைக்கு அவசரமில்லை. முழு மயக்கம் கொடுத்துத்தான் எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும், சி.டி.க்கும் பெரும்பாலும் அப்படியே, ஆகவே இந்தக் கேள்விக்கு எடை அதிகம்.

படங்களை டைகாம் கோப்பாக, அதாவது கருவியிலிருந்து வரும் மூலக் கோப்பாகவே, கேட்டு வாங்குங்கள். திரையைப் போனில் படம் பிடித்தது வாட்ஸ்அப்பில் சுற்றலாம், அதை வைத்து மில்லிமீட்டர் அளக்க முடியாது. பாரியின் பழைய படம் மட்டும் இல்லையென்றால் நான் அன்று சி.டி. வரை போயிருப்பேன்.

அல்ட்ராசவுண்டுக்கு வரும் வழியில் நாயைச் சிறுநீர் கழிக்க விடாதீர்கள். காலியான சிறுநீர்ப்பையின் சுவர் சுருங்கித் தடித்துத் தெரியும், அதைக் கட்டி என்று சந்தேகித்து ஒரு குடும்பம் ஒரு வாரம் தூங்காமல் இருந்தது. நிறைந்த பையோடு மறுபடி பார்த்தால் அங்கே ஒன்றுமில்லை. நிஜமாகவே அந்தப் பையில் கட்டி தெரிந்தால், வயிற்றுக்கு வெளியிலிருந்து ஊசி குத்த உடனே சம்மதிக்காதீர்கள், சில புற்றுகள் ஊசி போன தடத்திலேயே முளைக்கும். சிறுநீரில் பார்க்கும் மரபணுப் பரிசோதனை நாய்களுக்கு இருக்கிறது, அதை முதலில் கேளுங்கள்.

உடம்பில் பழைய குண்டு, தகடு, மைக்ரோசிப் எது இருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஈயக்குண்டு காந்தத்துக்கு அசையாது, எஃகுக்குண்டு அசையும், எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே வெள்ளைதான். இரைப்பையிலோ மூட்டுக்குள்ளோ ஈயக்குண்டு தெரிந்தால் அது விட்டுவைக்கும் வகை அல்ல, ஈயம் கரைந்து ரத்தத்தில் ஏறும்.

சில்லுவுக்கு இப்போது 12 வயது. போன மாதம் மறுபடி வாந்தி என்று வந்தது. நான் வேறொரு நாயோடு இருந்ததால், புதிதாகச் சேர்ந்த டாக்டர் படம் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

"மேடம், இந்தப் பூனைக்குத் தோள்ல ஒரு குண்டு இருக்கு!"

"தெரியும். நாக்கைத் தூக்கிப் பார்த்தீங்களா?"